பெரியவர், சின்னவர், என் மச்சான்

என்னோடு ஒன்றாகக் கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இன்று செக்கிங் இன்ஸ்பெக்டர்கள். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு பேனா, முகத்தில் ஒரு சந்தேகம். அவ்வளவுதான் வேலை. நான் மட்டும் இன்னும் தோளில் பையை மாட்டிக்கொண்டு, "உள்ளே போங்க, படியிலேயே குடித்தனம் பண்ணாதீங்க" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன். நான் குடித்துவிட்டு வேலைக்குப் போனவனில்லை. கையாடல் பண்ணியவனில்லை. யாரையும் அடித்ததுமில்லை. அடிக்க நினைத்தவர்களின் கணக்கு வேறு.

என் பதவி உயர்வைத் தின்றது இரண்டு நத்தைகள். அவற்றை என் பேருந்தில் ஏற்றியவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போனவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். இருந்தபோதே சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. அதனால் மிச்சத்தை இங்கே சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன்.

மச்சானுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் பெரிய கூடம். அங்கே கொதிக்கும் உருளை ஒன்று உண்டு. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காகிதம் மாதிரி விறைப்பாக வரும். மச்சான் கொடுக்கிற பக்கம் நிற்பவர். நாள் முழுக்க ஆவி. அதற்குள் நின்று நின்று அவர் உடம்பே அவித்து எடுத்தது மாதிரி வெளுத்து, மெத்தென்று இருக்கும். எதற்கும் அவசரப்பட மாட்டார். நீங்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கடைக்குப் போய் வந்தால், அவர் அப்போதுதான் பதிலுக்கு வாயைத் திறப்பார். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஆண்டவன் பார்த்து அனுப்பிய ஜோடிதான் அந்த நத்தைகள்.

வந்தது முட்டைக்கோஸில். அவர் மனைவி (நான் அக்கா என்று கூப்பிடுவேன்) கோஸைப் பிரித்தபோது உள்ளே இரண்டும் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. அக்கா ஒரு கூச்சல் போட்டு உப்பு டப்பாவை எடுத்தார். மச்சான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வேகமாக ஓடினார் என்றால் அது அன்றைக்குத்தான். கோஸோடு நத்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு பெயர் வைத்தார். பெரியது 'பெரியவர்'. சின்னது 'சின்னவர்'. "பெரியவர் இன்னைக்குச் சரியாச் சாப்பிடல" என்பார். என் மனைவி தன் அண்ணனுக்காக முட்டை ஓடுகளைக் கழுவிக் காயவைத்துப் பொடி பண்ணிக் கொடுப்பாள். கூடு கெட்டிப்பட அது வேண்டுமாம். எங்கள் வீட்டில் எனக்கு முழங்கால் வலி வந்து பல காலம் ஆகிறது. எனக்கு ஒரு பொடியும் வந்தபாடில்லை.

அக்கா பால்கனியில் தொட்டிகள் வைத்துக் கீரை வளர்த்தார். பெரியவரும் சின்னவரும் ஒரு பகலில் அந்தத் தோட்டத்தையே மொட்டையடித்தார்கள். சாயங்காலம் வேலை விட்டு வந்த மச்சானிடம் அக்கா சத்தம் போடவில்லை. அதுதான் பயம். உப்பு டப்பாவைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்துவிட்டுச் சொன்னாராம்.

"நீங்க வீட்ல இருக்கிற வரைக்கும் அதுங்க இருக்கலாம். நீங்க வாசலைத் தாண்டினா அதுங்களும் தாண்டணும். இல்லேன்னா சாயங்காலம் வந்து கூட்டைப் பொறுக்கிக்கங்க."

"வேலைக்கு எப்படி எடுத்துட்டுப் போறது?"

"அது உங்க பாடு. என்கிட்ட பத்து வார்த்தை சேர்ந்தாப்ல பேசாத மனுஷன், அதுங்ககிட்ட விடியவிடியக் கதை சொல்றீங்கல்ல? இதையும் அதுங்களையே கேளுங்க."

அப்படித்தான் என் தலையில் வந்து விடிந்தது. அவர் வீட்டு முனையிலிருந்து சலவைக்கூடம் வரை ஓடுவது என் வண்டி.

முதல் நாள் காலையில் மூடியில் ஓட்டை போட்ட சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். உள்ளே ஈரத்துணி, ஒரு துண்டு வெள்ளரிக்காய், இரண்டு பிரயாணிகள்.

"மாப்ளே, ஜன்னலோரம் ஒரு இடம் பாரு. காத்து வேணும்."

"உங்களுக்கா, மச்சான்?"

"எனக்கு எதுக்கு? பெரியவருக்கு."

நிஜமாகவே ஒரு பெரியவருக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஒரு இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். மச்சான் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். இளைஞன் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் சில்லறை எண்ணுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்கள் டிரைவர் நக்கல் பேர்வழி. "எதுக்குங்க வண்டியில கூட்டிட்டு வர்றீங்க? நம்ம ரோட்டுல இருக்கிற நெரிசலுக்கு அதுங்க நடந்தே முன்னாடி போயிருக்கும்" என்றார். பின் சீட்டில் வழக்கமாக வரும் மீன் விற்கிற அம்மா, "எவ்வளவுக்குக் கொடுப்பே?" என்று விலையே பேசிவிட்டார். மச்சான் டப்பாவை மூடிக்கொண்டு அன்று முழுக்க அந்த அம்மா இருந்த பக்கமே திரும்பவில்லை.

போகப் போக எல்லோருக்கும் பழகிவிட்டது. "பெரியவர் சௌக்கியமா?" என்று கேட்காமல் யாரும் இறங்குவதில்லை. நான் இத்தனை வருஷம் அதே வண்டியில் நின்றுகொண்டே வருகிறேன். என்னை ஒருத்தர் சௌக்கியமா என்று கேட்டதில்லை. சலவைக்கூட மேஸ்திரி ஜன்னல் திட்டில் டப்பாவுக்கு இடம் கொடுத்திருந்தார். ஆவியும் ஈரமும் நத்தைகளுக்கு அமிர்தமாக இருந்தது. இரண்டும் கொழுத்தன. மச்சான் இளைத்தார். நான் பதவி உயர்வுக்கு மனுப் போட்டிருந்தேன். என் பெயர் மேலே போயிருந்தது. ஒரு புகாரும் இல்லாமல் அந்த மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்று டெப்போவில் சொன்னார்கள்.

இங்கே எங்கள் மணிக்கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வண்டியில் பின்னாலிருந்து முன்னால் வரை ஒரு கயிறு ஓடும். அதன் முனையில், டிரைவர் தலைக்கு மேல், மணி. கண்டக்டர் ஒருமுறை இழுத்தால் நிறுத்து. இரண்டு முறை இழுத்தால் போ. மூன்று முறை இழுத்தால், உள்ளே திருட்டு நடந்திருக்கிறது, கதவைத் திறக்காதே, எந்த நிறுத்தத்திலும் நிற்காதே, நேராகக் காவல் நிலையத்துக்கு விடு என்று அர்த்தம். எங்கள் டிரைவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மூன்றாவது மணிக்காகக் காத்திருந்தவர். ஒரு தடவைகூட அடித்ததில்லை.

அன்று கொட்டுகிற மழை. வண்டியில் கை நுழைக்க இடமில்லை. நான் முன்னால் மாட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். மச்சான் பின்னால் ஒற்றைக் கையில் டப்பாவோடு தொங்கிக்கொண்டிருந்தார். நெரிசலில் யாரோ இடித்ததில் மூடி விலகியிருக்கிறது. மழைச் சாரல் பட்டதும் சின்னவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மச்சான் குனிந்து பார்த்தால் டப்பாவில் பெரியவர் மட்டும் தனியாக இருக்கிறார்.

"யாரும் காலை எடுக்காதீங்க! அப்படியே நில்லுங்க! கீழே கிடக்கு!"

என்ன கிடக்கிறது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. "பாம்பு!" என்று ஒருவர் அலறினார். ஒரு பெண் சீட்டின் மேல் ஏறினார். அவர் ஏறியதைப் பார்த்து நாலு பேர் ஏறினார்கள். ஏறச் சீட்டுக் கிடைக்காதவர்கள் பக்கத்திலிருந்தவர்கள் மேல் ஏறினார்கள். அந்த நேரம் பார்த்து மச்சான் கையை உயர்த்திக் கயிற்றைப் பிடித்து மூன்று முறை இழுத்தார்.

டிரைவர் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. "அண்ணே, இல்லேண்ணே, அது நான் இல்லேண்ணே!" என்று கத்தினேன். மழை இரைச்சலிலும் பாம்புக் கூச்சலிலும் அவருக்குக் கேட்டால்தானே. நிறுத்தம் நிறுத்தமாகக் குடை பிடித்துக் கை காட்டியவர்கள் மேல் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வண்டி பறந்தது. அந்த வண்டிக்கு அவ்வளவு வேகம் உண்டு என்பது தயாரித்தவர்களுக்கே தெரியாது.

காவல் நிலைய வளாகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். தடியோடு நாலு காவலர்கள் சுற்றி நின்றார்கள். ஏட்டு படியில் ஏறினார்.

"யாருக்கு என்ன காணாமப் போச்சு?"

 பின்னாலிருந்து மச்சான் குரல் வந்தது. "எனக்குத்தான் ஐயா. சின்னவரு."

"என்ன வயசு?"

"சரியாத் தெரியாதுங்க. கோஸ்ல வந்தாரு."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். டப்பாவைத் திறந்து பெரியவரைக் காட்டி, "இவரோட ஜோடி" என்று மச்சான் விளக்கினார். அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. வண்டியிலிருந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கிச் செருப்பு அடியைப் பார்த்தார்கள். ஆபீசுக்கு நேரமானவர்கள் மச்சானை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்கள். சீருடை போட்டவனைத் திட்டுவதுதான் சௌகரியம்.

கடைசியாக இறங்கியவர் தினமும் வரும் டை கட்டிய மனிதர். ஏதோ ஒரு கம்பெனியில் பெரிய உத்தியோகம். எல்லோருக்கும் அறிவுரை சொல்லிக்கொண்டு நின்றார். "இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் வண்டியில ஏத்துறதே தப்பு. ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமா?" என்று அவர் விரலை ஆட்டியபோது, அவர் சட்டைக் காலருக்கு மேல் சின்னவர் மெதுவாகத் தலையை நீட்டி, இரண்டு கொம்பையும் விரித்து, அவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். காலரிலிருந்து டை வரை வெள்ளிச் சரிகை மாதிரி ஒரு கோடு.

ஏட்டு சிரித்துவிட்டார். அதோடு என் கதை முடிந்தது. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் டைக்காரர் புகார் எழுதியிருக்க மாட்டார்.

டெப்போ மேனேஜர் விசாரணை வைத்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"கூடையில கோழி இருந்தா லக்கேஜ் டிக்கெட்டு. ஆடு ஏத்தக் கூடாது. நத்தைக்கு ஒண்ணும் போடலையே. அதுக்கு எத்தனை கால்?"

"காலே கிடையாதுங்க. வயித்தால நகரும்" என்று சாட்சியாக வந்திருந்த மச்சான் சொன்னார்.

"அப்போ பாம்பு மாதிரி."

"ஐயையோ, அது மாதிரி இல்லீங்க. வீட்டோட வர்றவரு. வேணும்னா வீட்டைச் சாமானாவும், அவரைச் சாமானுக்குச் சொந்தக்காரராவும் வெச்சுக்கங்க."

மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். மூடிய டப்பாவில், லக்கேஜ் டிக்கெட்டோடு நத்தைகள் பயணம் செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மச்சானுக்கு அனுமதி. எனக்கு மெமோ. பதவி உயர்வு எனக்கு அடுத்திருந்தவனுக்குப் போனது.

வெளியே வந்து மச்சான் என் தோளில் கை போட்டார். நானும் ஏதோ சமாதானமாகச் சொல்லப் போகிறார் என்று நின்றேன்.

"நல்லதாப் போச்சு மாப்ளே. இனிமே சட்டப்படி வரலாம்."

"மச்சான், என் புரமோஷன் போச்சு."

"எதுக்கு மூணு தடவை அடிச்சேன்னு நீ இன்னும் கேட்கவே இல்லையே. ஒரு தடவை அடிச்சா மெதுவா நிக்கும். அப்போ மூணு தடவை அடிச்சா டக்குனு நிக்கும்னு கணக்குப் போட்டேன்."

இதுதான் அவர் தெரிவித்த வருத்தம். அடுத்த வாரமே அந்த அடுத்திருந்தவன் புதுச் சட்டையில் என் வண்டியில் ஏறிச் சோதனை போட்டான். நான் சலாம் வைத்தேன். மச்சான் டப்பாவைத் திறந்து, பெரியவர் ஓட்டின் மேல் ஒட்டி வைத்திருந்த லக்கேஜ் டிக்கெட்டைக் காட்டி, "பாத்துக்கங்க, நாங்க எல்லாம் நேர்மையா வர்றவங்க" என்றார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். குதிக்கலாமா என்றுதான்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் ஓடின. மச்சானுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் தேய்த்துக் கொடுத்த விரிப்புகள் போகிற அதே ஆஸ்பத்திரி. நான் பார்க்கப் போனபோது மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, விரிப்பின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மாப்ளே, சுருக்கம் போகவே இல்லை. நான் லீவு போட்டா இதான் லட்சணம்."

அவர் வாசலைத் தாண்டிவிட்டார். நத்தைகள் வீட்டிலேயே நின்றுவிட்டன. அக்கா உப்பைத் தொடவில்லை. ஆனால் வெள்ளரிக்காய் போட வேண்டும் என்றோ துணியை நனைக்க வேண்டும் என்றோ அவருக்கு யார் சொல்வது? வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருந்தவர், ஒரு நாள் டப்பாவோடு வார்டுக்கு வெளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டும் செத்துப் போச்சுப்பா. வாயில வெள்ளையா ஏதோ மூடிட்டிருக்கு. நான் ஒண்ணும் பண்ணல, சத்தியமா. அவர்கிட்ட எப்படிச் சொல்றது? நான்தான் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டே போயிடுவாரே."

இத்தனை வருஷம் உப்பைக் காட்டி மிரட்டியவர் அழுதார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய் மச்சான் முன்னால் நீட்டினேன். எதுவானாலும் ஒரேயடியாக முடியட்டும்.

அவர் பெரியவரை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். 

"சாகல. ஈரம் இல்லேன்னா இப்படித்தான் கதவைச் சாத்திக்குவாங்க. ஆவிக்குக் கொண்டுபோனா திறப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "திறப்பாங்கன்னு நினைக்கிறேன். கொண்டுபோறியா?"

மறுநாள் எனக்கு விடுமுறை. சீருடை இல்லாமல், சொந்தச் சட்டையில், டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் தடத்து வண்டியிலேயே ஏறினேன். என் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"அண்ணே! குடும்பத் தொழிலா?"

வண்டியே சிரித்தது. மீன்காரம்மா, "இப்பவாவது விலை சொல்லுப்பா" என்றார். டைக்காரரும் அன்று வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் காலரைத் தடவிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பயணி நான் கத்தாமலேயே உள்ளே தள்ளிப் போனார். நான் லக்கேஜ் டிக்கெட் கேட்டேன். என் இடத்தில் அன்று வேலைக்கு வந்திருந்த சின்னப் பையனுக்குச் சிரிப்பில் டிக்கெட்டைக் கிழிக்கக் கை வரவில்லை. "சிரிச்சு முடிச்சுட்டுக் கொடு" என்றேன்.

மேஸ்திரி எதுவும் கேட்காமல் ஜன்னல் திட்டைத் துடைத்துவிட்டார். மச்சான் நின்ற இடத்தில் வேறொருவர் உருளைக்கு விரிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஆவியில் வெந்துகொண்டு, இரண்டு சுண்ணாம்புக் கட்டிகளை முறைத்துப் பார்த்தபடி ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். திறக்காவிட்டால் போய் என்ன சொல்வது என்று ஒத்திகையும் பார்த்தேன். எனக்குப் பொய் நன்றாகவே வரும். ஆனால் அவரிடம் பலிக்காது. அந்த மனிதர் நத்தை விஷயத்தில் மட்டும் விவரமானவர்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, பெரியவரின் வெள்ளை மூடியில் ஒரு விரிசல் விழுந்தது. அப்புறம் ஒரு ஓரம் கழன்றது. கொம்பு ஒன்று வெளியே வந்து, நான்தான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் திரும்பவும் உள்ளே போனது. மச்சான் வளர்ப்பு அப்படித்தான் இருக்கும். சின்னவர் சாயங்காலம்தான் மனசு வைத்தார். நான் மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஏன் குலுக்கினேன் என்று இருவருக்குமே தெரியவில்லை.

அங்கேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"திறந்துட்டாங்க மச்சான். ரெண்டு பேரும்."

அவர் அக்காவின் பக்கம் மெதுவாகத் திரும்பி, "கேட்டியா, நீ ஒண்ணும் பண்ணல" என்றார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்களை யாரு கேட்டா?" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை, தண்ணீர்த் தொட்டிதான்.

அவர் அடுத்து வந்த ஞாயிறு வரைகூட இருக்கவில்லை. அது அன்றைக்கு எங்கள் மூவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் என்ன பேசியிருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். ஒன்றும் மாறியிருக்காது.

நான் கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை உனக்கு டியூட்டி இல்லைல்ல? ரெண்டு பேரையும் இங்க ஒரு தடவை கூட்டிட்டு வா. இடது பக்கம் உக்காரு, அந்தப் பக்கம் வெயில் அடிக்காது."

"என் வண்டியில எந்தப் பக்கம் வெயில் அடிக்கும்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"லக்கேஜ் டிக்கெட்டு எடுத்துடு. ஓசியில வந்தாங்கன்னு பேச்சு வரக் கூடாது."

"சரி."

"துணியை நனைச்சுக்க."

"சரி மச்சான். விடுங்க சட்டையை."

விடவில்லை. கிட்டே வா என்று கண்ணைக் காட்டினார். குனிந்தேன். குழாய்க்கு நடுவில் அவர் மூச்சு உருளை ஆவி மாதிரி என் காதில் அடித்தது.

"வழியில சின்னவர் மறுபடி காணாமப் போனா, மானம் மரியாதைன்னு பாத்துட்டு நிக்காதே மாப்ளே. கயித்தைப் பிடிச்சு மூணு தடவை இழுத்துடு."